வரி கட்டும் மேயர்

நான் முதன்முதலாக மேயராகப் பதவியேற்றபோது என் காலில் செருப்பில்லை. தொண்ணூறுகளின் கம்ப்யூட்டர் சென்டர்களில் அதுதான் சட்டம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏசி அறைக்குள் நுழைய வேண்டும்; தூசு பட்டால் மெஷினுக்கு ஆகாது என்பார்கள். திருச்சியில் நான் பணம் கட்டியது டிபேஸ் மென்பொருள் கற்க. கற்றது நகர நிர்வாகம்.

சொல்லிக்கொடுக்கும் அண்ணன் டீ குடிக்கப் போனதும் யார் பையிலிருந்தாவது ஒரு ஃபிளாப்பி வெளியே வரும். உள்ளே சிம்சிட்டி. 1989இல் அமெரிக்காவில் மேக்சிஸ் நிறுவனம் வெளியிட்ட, நகரம் கட்டி ஆளும் ஆட்டம். எத்தனை கை மாறி எங்களிடம் வந்ததோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். பிரதி எடுத்து ஆடக்கூடாதென்று, ஜெராக்ஸில் விழாத கருஞ்சிவப்புத் தாளில் ஒரு குறியீட்டுப் பட்டியலை அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அதை முழுவதுமாக லாங் சைஸ் நோட்டில் கையால் எழுதி வைத்திருந்தார். செமஸ்டர் நோட்ஸ்கூட எங்களில் எவனும் அவ்வளவு சிரத்தையாக எழுதியதில்லை.

சுலபமான ஆட்டம் என்றால் கஜானாவில் 20,000 டாலர். கடினம் என்று தேர்ந்தெடுத்தால் 5,000 மட்டுமே. அனல்மின் நிலையத்துக்கு 3,000, அணுமின் நிலையத்துக்கு 5,000. ஆகவே கடின ஆட்டத்தில் எடுத்த எடுப்பில் அணு உலை கட்டும் வீரனிடம் மின்சாரம் இருக்கும். அதைக் கொண்டுபோகக் கம்பி வாங்கக் காசிருக்காது. பச்சை, நீலம், மஞ்சள் என்று குடியிருப்புக்கும் வணிகத்துக்கும் தொழிலுக்கும் கட்டம் ஒதுக்கிவிட்டால் போதும். வீடு கட்டுவதும் கடை திறப்பதும் மக்கள் பாடு. மேயர் கால்மேல் கால் போட்டு உட்காரலாம்.

உட்கார விட்டால்தானே! வரி 7 சதவீதத்தில் நிற்கும். 20 வரை ஏற்றலாம். ஏற்றினால் ஜனங்கள் பெட்டி படுக்கையோடு கிளம்பிவிடுவார்கள். இறக்கினால் தீயணைப்புக்குப் பணமிருக்காது. சாலைப் பராமரிப்பில் கை வைத்தால் கண்ணெதிரே சாலை அரித்துப்போகும். சாலையே போடாமல் ஊர் முழுக்கத் தண்டவாளம் போட்டால் நெரிசலே வராது என்று எங்கள் பேட்சில் ஒருவன் கண்டுபிடித்தான். வீட்டு வாசலில் ரயில் நிற்கும் நகரம்! இதற்கெல்லாம் பொறுமையில்லாதவர்கள் ஷிஃப்டை அழுத்தியபடி ஃபண்ட் என்று தட்டுவார்கள். 10,000 டாலர் வந்து விழும். ஆசை மிகுந்து திரும்பத் திரும்பத் தட்டினால் நிலநடுக்கம் வரும். ஊழலுக்கு இத்தனை உடனடியாகத் தண்டனை கொடுத்த அரசாங்கத்தை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை.

கரண்ட் போனால் பதவியும் போகும். யூபிஎஸ் கூவி அடங்குவதற்குள் நகரத்தை ஃபிளாப்பியில் ஏற்றியாக வேண்டும். என் நகரத்தில் மின் உபரி, சென்டரில் மின்வெட்டு.

இந்த ஆட்டத்தைச் செய்த வில் ரைட், அதற்கு முன் 1984இல் ஹெலிகாப்டரில் பறந்து குண்டு போடும் ஆட்டம் ஒன்றைச் செய்தவர். குண்டு போடுவதைவிட, குண்டு விழவேண்டிய தீவுகளை வரைந்து அடுக்குவதுதான் அவருக்குப் பிடித்துப்போயிற்று. எம்ஐடி பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டர், நகரங்கள் எப்படி வளர்ந்து தேய்கின்றன என்று 1969இல் எழுதிய நூலும் கைக்கு வர, சிம்சிட்டி பிறந்தது. வெற்றியும் தோல்வியும் இல்லாத ஆட்டத்தை யார் வாங்குவார்கள் என்று முதலில் பேசிய நிறுவனம் தயங்கியதாம். வெற்றி இல்லை என்பது சரி. தோல்வி இல்லையென்று திருச்சியில் எங்கள் பேட்சில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நடுவில் வேலை, கல்யாணம், கடன். 2010 டிசம்பரில் ஃபேஸ்புக்கில் சிட்டிவில் என்ற நகர ஆட்டம் வந்தது. அங்கே எனர்ஜி என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். தீர்ந்தால் காத்திரு, இல்லையென்றால் காசு கொடு. காத்திருப்பதையும் சரக்காக்கி விற்கலாம் என்று இந்தத் தொழில் நன்றாகப் படித்துக்கொண்ட காலம் அது.

இப்போது நகரம் சட்டைப்பையில் கிடக்கிறது. செருப்பைக் கழற்ற வேண்டாம். 2014 டிசம்பரில் செல்போனுக்கு வந்த சிம்சிட்டி பில்ட்இட்டில் கட்டம் ஒதுக்கிவிட்டு உட்கார முடியாது. ஒரு வீடு மாடி ஏற வேண்டுமென்றால் அதற்கு வேண்டிய ஆணியையும் பலகையையும் மேயரே சேகரித்துக் கொடுக்க வேண்டும். தொழிற்சாலையில் இரும்பு ஒரு நிமிடம், மரம் 3 நிமிடம், பிளாஸ்டிக் 9 நிமிடம், விதை 20 நிமிடம். பெயர்தான் மேயர், பார்ப்பது மளிகைக்கடைப் பையனின் டெலிவரி வேலை. கிடங்கு நிறைந்துவிட்டால் அதை விரிவாக்கத் தனிச் சாமான்கள். நிலத்தை விரிவாக்க புல்டோசரின் உதிரி பாகங்கள். பொறுமையில்லாதவர்களுக்கு நிஜப் பணம். இங்கே அதற்குத் தண்டனையாக நிலநடுக்கம் வராது, ரசீதுதான் வரும்.

சொந்தத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்கு அரைமணி இருக்கையில் அக்கா மகன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான்.

“மாமா, கைவசம் ஆணி இருக்கா? அவசரம்.”

“நாலு இருக்குடா. பலகைதான் இல்லை.”

பக்கத்தில் நின்ற பந்தல்காரர் பதறிப்போய்த் திரும்பினார். “எந்தப் பக்கம் சார் ஆடுது? எத்தனை இன்ச் வேணும்?”

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் மேயர் பதவியின் மாண்பு முழுவதும் இறங்கிவிட்டது.

பேரிடரிலும் காலம் மாறிவிட்டது. பழைய ஆட்டத்தில் பூதம் தானாக வரும், புகை அதிகமான பகுதியை மோப்பம் பிடித்துப் போகும். நாங்கள் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இப்போது டாக்டர் வூ என்பவரின் கோபுரத்தைக் கட்டி, பேரிடரை நாமே ஏவ வேண்டும். இடிந்ததைத் திரும்பக் கட்டினால் தங்கச் சாவி பரிசு. குடிமக்கள் நலனுக்காகக் குடிமக்கள் தலையிலேயே எரிகல்லைப் போடும் நிர்வாகம்! ஆனாலும் நகரம் திவாலாவதில்லை. எதைச் செய்தாலும் பெருகுகிறது, மின்னுகிறது. அன்றைய நகரத்தில் வரி வசூலித்தவன் நான். இன்றைய நகரம் என்னிடம் வசூலிக்கிறது: காசாக ஒரு பங்கு, கண் விழிப்பாக ஒரு பங்கு. ஊரைக் காலி செய்துகொண்டு போகும் உரிமையும் குடிமகனிடமிருந்து மேயருக்கு மாறிவிட்டது.

இத்தனையும் பட்ட பிறகு, ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில் பெண் பார்ப்பவர்களுக்கு மேலான கறார் வந்திருக்கிறது எனக்கு. ஆப் ஸ்டோர் படத்தில் மஞ்சள் ஹெல்மெட் போட்டுச் சிரிப்பவரை நம்புவதில்லை. நிறுவும் பொத்தானருகே பொடி எழுத்தில் இருக்கும், உள்ளே பணம் கேட்கப்படும் என்ற வரியைத்தான் முதலில் படிக்கிறேன். பிறகு போனை ஏரோபிளேன் மோடில் போட்டுத் திறக்கிறேன். நெட் இல்லாமல் ஓடினால் பாதி நல்ல குடும்பம். நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி கேட்டால் மறுப்பு. என் குடிமக்கள் என்னை ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்ப வேண்டியதில்லை.

இந்தச் சல்லடையில் தங்கியவை சில. 2018இல் வந்த பாக்கெட் சிட்டியின் முழுப் பதிப்புக்கு ஒரு தடவை விலை கொடுத்தால் போதும். அப்புறம் கையேந்துவதில்லை, காத்திருக்கவும் வைப்பதில்லை. ஆஸ்கர் ஸ்டால்பெர்க் செய்த டவுன்ஸ்கேப்பரில் பணமில்லை, வரியில்லை, இலக்குமில்லை. கடலில் ஒரு தட்டு தட்டினால் வண்ணவண்ணமாக வீடு முளைக்கும், அவ்வளவுதான். நாள் முழுக்க மீட்டிங்கில் உட்கார்ந்து வந்தவனுக்கு அது மருந்து. தியோடவுன், 1993இல் வந்த சிம்சிட்டி 2000ஐ நினைவூட்டும் புள்ளிப்புள்ளிச் சித்திரம். உள்ளே விற்பனை கொஞ்சம் உண்டு, வாங்காமலும் ஆடலாம். வரியும் வரவுசெலவும் பழையபடி மேயர் கையில்.

அதைத்தான் இப்போது வைத்திருக்கிறேன். சென்ற வாரம் ஆசைப்பட்டுப் பெரிய விமான நிலையம் கட்டினேன். கஜானா காலி. வரியை ஏற்றினேன், தெருத்தெருவாக ஆட்கள் வெளியேறுகிறார்கள். எட்டிப்பார்த்த மகள், “என்னப்பா, ஊரே காலியாயிட்டிருக்கு, நீங்க சிரிச்சிட்டிருக்கீங்க?” என்றாள்.

“பத்து பைசா கட்டாம காலி பண்ணியிருக்கேம்மா. முழுக்க என் சொந்த நிர்வாகம்.”