எழுவாய் இல்லாத வீடு

எங்கள் செங்கல்பட்டு வீட்டில் நான் எதையும் உடைப்பதில்லை. டம்ளர் தானாக உடையும், பால் தானாகப் பொங்கும், கரண்ட் பில் தேதி தானாகத் தாண்டும். அந்த நேரத்தில் நான் பக்கத்தில் நின்றிருப்பேன், அவ்வளவுதான்.

இப்படிப் பேச எனக்குத் தொல்காப்பியரே அனுமதி தந்திருக்கிறார். செயப்படுபொருளையே வேலை செய்ததுபோலச் சொல்வதும் வழக்குதான் என்று வினையியலில் விதி வைத்திருக்கிறார். உரைகாரர்கள் காட்டும் உதாரணம் 'திண்ணை மெழுகிற்று', 'கலம் கழுவிற்று'. கேட்டதும் மனக்கண்ணில் திண்ணை பளபளக்கிறது. மெழுகிய கை தெரிவதில்லை. பரவசத்தோடு மனைவியிடம் விளக்கினேன். "அந்த உரைகாரர் வீட்ல மெழுகினது யாராம்?" என்றாள்.

இப்படி ஆளை விட்டுவிட்டுப் பேசுவது நினைவையும் மாற்றுமா என்று கெய்ட்லின் ஃபாசி, லெரா போரோடிட்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்து 2011-இல் எழுதினார்கள். முட்டை உடைவது, பலூன் வெடிப்பது போன்ற காட்சிகளை ஆங்கிலம் பேசுவோருக்கும் ஸ்பானியம் பேசுவோருக்கும் போட்டுக் காட்டினார்கள். கைதவறி நடந்ததற்கும் ஆங்கிலம் பேசுவோர் 'அவர் உடைத்தார்' என்றார்கள். ஸ்பானியம் பேசுவோர் அவ்வளவாக ஆளை இழுக்கவில்லை, 'உடைந்தது' என்று விட்டார்கள். பிறகு கேட்டால், கைதவறிய ஆள் யாரென்பது ஸ்பானியம் பேசுவோருக்குத்தான் குறைவாக நினைவிருந்தது. வேண்டுமென்றே உடைத்தவனை இரு தரப்புமே மறக்கவில்லை. நானும் இத்தனை காலம் 'உடைந்தது' என்றே சொல்லி வருகிறேன். ஆனால் உடைந்த டம்ளர் எந்தச் சீர்வரிசையில் வந்தது என்பதுவரை என் மனைவிக்கு நினைவிருக்கிறது.

மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைப் பாறையைப் பாருங்கள். 'நிற்கிறது' என்றால் அதன் நிழலில் கால்நீட்டி உட்காருகிறோம். 'உருளப்போகிறது' என்றால் செருப்பைத் தேடுகிறோம். பாறை அதேதான், வினைமுற்றுதான் மாறியிருக்கிறது. 1908-இல் சென்னை ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி அதை இழுக்கச் சொன்னதாகக் கதை உண்டு. 'ஆளுநரால் நகர்த்த முடியவில்லை' என்றால் மானம் போகும். 'பாறை நகரவில்லை' என்றால் குற்றம் பாறையுடையது. ஆளுநருக்கும் யானைகளுக்கும் சேதமில்லை.

இந்த நுட்பத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை பயன்படுத்தினேன். பின்னால் பெருக்க வேண்டும், பீரோவை நகர்த்துங்கள் என்றாள் மனைவி. சோபாவில் சாய்ந்தபடியே, "பீரோ நகராது" என்றேன். கூடவே லாலியின் கதையையும் சொன்னேன்.

"ஏழெல்லாம் வேண்டாங்க. சோபாவில இருக்கிற ஒண்ணு எழுந்து வந்தாப் போதும்."