இப்படித்தான் ஒரு கோழி

நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்திருந்த மாமா, போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு முடிவு பண்ணிருங்க மாப்பிள்ளை" என்றார். கோழி விஷயத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். குளியலறைக்குள் இருந்த சாம்பிக்கும் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். அதற்கப்புறம் கம்பைத் தொடவில்லை.

கொத்துப்பட்ட கோழியை மறுபடியும் கூட்டத்தில் சேர்ப்பது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன்னால் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கொட்டிவிடுகிறேன்.

நான் குடியிருப்பது நாமக்கல். கோழி வளர்க்கிறேன் என்று இந்த ஊரில் சொன்னால், "எத்தனைங்க?" என்பார்கள். "நாலு" என்பேன். "நாலாயிரமா? சின்ன ஷெட்டுத்தான்" என்பார்கள். நாலாயிரம் இல்லை, நாலு, ஒன்று இரண்டு மூன்று நாலு என்று விளக்கியதும் ஒரு பார்வை பார்ப்பார்கள் பாருங்கள், ஓய்வுபெற்ற பிறகு மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது, வீட்டில் சொல்லி வைக்க வேண்டும் என்கிற பார்வை. காலையில் ஷெட்டுக்குள் போய்ச் செத்ததைப் பொறுக்கிக் கணக்கு எழுதிவிட்டு டீ குடிக்கிறவர்கள் மத்தியில், ஒரு கோழியின் முதுகில் பத்து ரூபாய்க் காசு அகலத்துக்குக் காயம் என்று போய் நின்றால் வேறு எப்படிப் பார்ப்பார்கள்? பக்கத்துத் தெருப் பண்ணைக்காரர், "எங்ககிட்ட இந்தத் தொந்தரவே இல்லீங்க. குஞ்சுலயே அலகு நுனியைச் சுடு தகட்டுல வெட்டி விட்டுருவோம்" என்றார். இரண்டு வயசு தாண்டிய கோழிகளை வைத்துக்கொண்டிருப்பவனுக்கு இது என்ன ஆறுதல்?

நாலும் சிறுவிடை. சேவல் கிடையாது. சேவல் இல்லாத வீட்டில் போன மாதம் சாம்பி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. முட்டையை எடுத்துப் பார்த்தேன், வெறும் தரையில் உட்கார்ந்தது. தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், ஈரத்தரையில் உட்கார்ந்தது. 21 நாளில் பொரிய வேண்டும் என்பது கருக்கூடிய முட்டைக்கான சட்டம். தரைக்கு அந்தச் சட்டம் இல்லை. ஐந்து வாரம் கழித்து எழுந்து வந்தபோது கொண்டை வெளுத்து, இளைத்து, அடையாளமே தெரியவில்லை. மற்ற மூன்றுக்கும் நிஜமாகவே தெரியவில்லை. செவலைதான் முதலில் கொத்தியது. ஒரு சொட்டு ரத்தம். சிவப்பைக் கண்டால் கோழிக்குக் கொத்தாமல் இருக்க முடியாது. கறுப்பி வந்தது, புள்ளி வந்தது. நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஓடுவதற்குள் முதுகில் இறகு இல்லை. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று பழமொழி சொன்ன பெரியவர்கள், கோழி கோழியைக் கொத்துவது பற்றி ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாம்.

கால்நடை மருத்துவர் நல்லவர், சிரிக்கவில்லை. உப்புத் தண்ணீரில் கழுவி, ஜென்ஷன் வயலட் போடச் சொன்னார். புண்ணும் ஆறும், சிவப்பும் மறையும். மற்றவை பார்க்கும்படி, ஆனால் கொத்த முடியாதபடி தனியாக வைக்க வேண்டும். கண்ணில் படாமலே வைத்தால் சுத்தமாக மறந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்குமாம். கருவாட்டுத்தூள் கொஞ்சம் கொடுக்கலாம், இறகு முளைக்கப் புரதம் வேண்டும். முட்டை விட்டால் சாப்பிட வேண்டாம். அவ்வளவுதான். கொல்லைப்புறக் குளியலறைக் கதவைக் கழற்றிவிட்டுக் கம்பிவலை அடித்தேன். அன்றிலிருந்து நான் விடிவதற்கு முன்னால், கோழி பார்த்திருக்க, குளித்துக்கொண்டிருக்கிறேன். என் இரண்டு கையிலும் ஊதா. "எந்த எலெக்‌ஷன் சார்?" என்று பால்காரர் கேட்டார். பத்து விரலிலும் மை வைக்கிற எலெக்‌ஷன் எது?

இதெல்லாம் பெரிதில்லை. பார்க்க வந்தவர்கள்தான்.

நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை இருக்கிறது: 'இப்படித்தான்'. படுத்திருப்பவரின் கட்டிலோரம் உட்கார்ந்து, ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, பெருமூச்சு விட்டு, "இப்படித்தான்..." என்று ஆரம்பித்தால், அந்தக் கதையில் வருகிற ஆள் முடிவில் பிழைப்பதில்லை. கோழிக்கும் விலக்கு இல்லை என்பதை இந்தப் பன்னிரண்டு நாளில் தெரிந்துகொண்டேன். எதிர்வீட்டு அக்கா வலைக்கு முன்னால் நின்று, "இப்படித்தானுங்க, எங்க அம்மா வீட்டுல ஒரு வெடக்கோழி, இதே இடத்துலதான் கொத்து" என்றார். பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன். "ரெண்டாம் நாள் புழு வெச்சிருச்சு." மின்கட்டணம் குறிக்க வந்தவர் மீட்டரைப் பார்ப்பதற்கு முன் கோழியைப் பார்த்தார். இப்படித்தான், அவர் மாமனார் வீட்டில் ஒரு கிராப்புக் கோழி. அதற்குக் கொத்து முதுகில் இல்லை, கழுத்தில், ஆனாலும் இப்படித்தான். சிலிண்டர் போட வந்தவருக்கு அவசரம், எனவே கதை இல்லை, முடிவு மட்டும்: "தாங்காதுங்க." ஃபோனில் பேசிய மைத்துனனுக்குக் கோழியே தெரியவில்லை, "இப்படித்தான் மாமா, எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு முதுகுல..." என்று ஆரம்பித்தான். கோழிக்கு என்றேன். அதனால் என்ன என்பதுபோலத் தொடர்ந்தான்.

இப்படித்தானுக்குப் பிறகு வைத்தியம். மஞ்சளும் வேப்பெண்ணெயும் போடுங்கள். மஞ்சள் போடுங்கள், வேப்பெண்ணெய் வேண்டாம். அடுப்புச் சாம்பல் போடுங்கள். (அடுப்புச் சாம்பலுக்கு நான் எங்கே போவேன்? சிலிண்டர்காரரைக் கேட்பதா?) குப்பைமேனி அரைத்துப் போடுங்கள். நான் போட்டிருக்கிற ஊதாவை மட்டும் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. வைத்தியம் முடிந்ததும், வந்த ஒவ்வொருவரும் வலைக்குள் விரலை விட்டு, "இங்கயா?" என்று அந்த இடத்தையே தொட்டுக் காட்டிக் கேட்டார்கள். கடைசியாக, மருந்துக்கு எவ்வளவு ஆயிற்று என்ற விசாரணை. தொகையைச் சொன்னதும் ஒரு மௌனம். அந்த மௌனத்துக்குள் மிளகு வறுபடுகிற வாசனை எனக்கு அடிக்கும்.

பேரன் செல்ஃபோனில் தேடி இரண்டு விஷயம் சொன்னான். நார்வேக்காரர் ஒருவர், ஷெல்டெருப்-எப்பே என்று பெயர், சின்ன வயதிலிருந்தே எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்துகிறது என்று பார்த்துக் குறித்து வைத்து, 1920களில் அதை ஆராய்ச்சியாக எழுதிப் பேர் வாங்கினாராம். சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் கோழி இருந்தது. நான் எண்ணியது முட்டையை. இன்னொன்று, அமெரிக்காவில் 1903லேயே கோழிக்குக் கண்ணாடி கண்டுபிடித்து ஒருவர் காப்புரிமை வாங்கியிருக்கிறார், மற்றது கொத்திக் கண் போகாமல் இருக்க. பிறகு சிவப்புக் கண்ணாடியும் வந்ததாம், ரத்தம் தெரியாமல் இருக்க. செவலைக்கு ஒன்று வாங்கலாமா என்றான். இந்த வீட்டில் ஒரு கண்ணாடியைத் தினமும் தேடி எடுப்பதே பெரும்பாடு.

நேற்றைய மாமாவுக்கு வருகிறேன். அவர் கல்யாண வீட்டுக்குப் போகிற வழியில் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கஞ்சி மடிப்பு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "கோழி எங்க?" காட்டினேன். "இப்படித்தான் மாப்பிள்ளை, 1978ல..." என்று தொடங்கி, அந்த வருடத்துக் கோழி சாகிற வரைக்கும் சொல்லி முடித்து, வலைக்குள் விரலை விட்டு, "இங்கயா?" என்றார். மருந்து இப்போதுதான் போட்டேன் மாமா, ஈரம் என்றேன். அவர் தொட்டார். பன்னிரண்டு நாளாக எத்தனையோ விரலைப் பொறுத்துக்கொண்ட சாம்பி, திரும்பி ஒரே கொத்து. மாமா கையை உதறிய வேகத்தில் ஊதா அவர் மார்பில், தோளில், கொஞ்சம் காதில். அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு.

இன்று காலை அவர் வீட்டு அக்கா ஃபோன் செய்தார். குரலில் சுரத்தே இல்லை. "ஏனுங்க, அந்த ஊதாக் கறை போகுங்களா? புதுச் சட்டைங்க."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பெருமூச்சு தானாகவே வந்தது.

"இப்படித்தானுங்க அக்கா," என்றேன், "எங்க வீட்டுல ஒரு துண்டு..."