வெள்ளாட்டுக்கு வளையல்

ஏட்டி, ஆட்டுப்பால்ல சோப்பு போடப் போறியாம்லா? அதுவும் சும்மா சோப்பு இல்லை, உள்ளுக்குள்ள நாலு கலர் சுழிச்சு ஓடணுமாம். உங்கம்மா போன்ல சொல்லும்போதே குரல்ல பெருமை வழியுது. வழியட்டும். வெந்நி வைக்கத் தெரியாம பட்டணத்துக்குப் போன புள்ள, இன்னைக்குக் காஸ்டிக் சோடாவைத் தொடுற அளவுக்கு வளர்ந்திருக்குன்னா சும்மாவா? சர்வோதயா சோப்புக் கூடத்துல வேப்பெண்ணெயும் இலுப்பெண்ணெயும் கிண்டிக் கிண்டி, பொண்ணு பாக்கப் போன எடத்துலயும் நாறுன கிழவன் நான். ரெண்டு வார்த்தை சொல்லுதேன். கேட்டா கேளு. இல்லைன்னா செல்லைப் பாத்துக்கிட்டே தலையை ஆட்டு, அதுவும் எனக்குப் பழக்கம்தான்.

பாலுக்கு என்ன வழி பண்ணியிருக்கே? நீ அனுப்புன படத்துல நிக்குறது சீமை ஆடு. வெள்ளை வெளேர்னு, மடி தரையைத் தடவுது. நம்ம தொழுவத்துல நிக்குறது கன்னியாடு. கருப்பு ஒடம்பு, மூஞ்சியில ரெண்டு பக்கமும் கோடு. வெள்ளைக் கோடுன்னா பால்கன்னி, செவலைக் கோடுன்னா செங்கன்னி. பேருதான் பால்கன்னி, குட்டி குடிச்சது போக ஒரு டம்ளர் மிஞ்சினா அன்னைக்கு யோகம். குட்டியைப் பட்டினி போட்டுட்டு ஒனக்கு என்ன மினுமினுப்பு வேண்டிக்கெடக்கு? கொஞ்சம் கொஞ்சமாச் சேத்து ஐஸ்பெட்டியில உறைய வை. எப்படியும் சோப்புக்கு உறைஞ்ச பாலுதான் வேணும். கறக்குற எடத்துல கிடாயைக் கட்டிப் போட்டுறாதே, அந்த வீச்சம் பால்ல ஏறிரும். அப்புறம் நீ குளிச்சுட்டு வந்தா மந்தையே எந்திரிச்சுப் பின்னாடி வரும்.

ஆட்டுப்பால் மேலை வெளுக்க வைக்கும்னு எவளோ சொன்னாளாம். பொறந்ததுல இருந்து அதையே குடிச்சு வளர்ந்த கன்னிக்குட்டி கருகருன்னுதான் நிக்குது. காந்தி 1919லேர்ந்து ஆட்டுப்பால்தான் குடிச்சார். வெளுத்தது வெள்ளைக்காரன் மூஞ்சிதான். பாலு செய்யுற வேலை இம்புட்டுத்தான்: அதுல உள்ள கொழுப்பும் சோப்பாகும், சர்க்கரை நுரையைக் கூட்டும், தொட்டா கொஞ்சம் மெத்துன்னு இருக்கும். எந்தப் பாலை ஊத்தினாலும் சோப்புன்னா காரம்தான், பி.எச். 9, 10ன்னுதான் நிக்கும். அட்டையில 5.5ன்னு போட்டு விக்கிறது எதுவோ, அது சோப்பு இல்லை.

சரி, தராசு வச்சிருக்கியா? கிராம் காட்டுற தராசு. கப்பு, ஸ்பூன், கண்ணளவு எல்லாம் ரசத்துக்குச் சரி. ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு பசி உண்டு. ஒரு கிராம் தேங்காயெண்ணெய் சோப்பாக 0.183 கிராம் காஸ்டிக் கேக்கும். நீ ஆயிரம் ரூவாய்க்கு வாங்கியாந்த ஆலிவ் எண்ணெய்க்கு 0.135 போதும். விளக்கெண்ணெய்க்கு 0.128. தேங்காய் 400, ஆலிவ் 500, விளக்கெண்ணெய் 100ன்னு ஒரு கிலோ எடுத்தா மொத்தம் 153.5 கிராம் வரும். அதுல நூத்துக்கு அஞ்சைக் கழிச்சு 146 போடு. கழிச்ச கணக்குக்கு உண்டான எண்ணெய் சோப்பாகாம நிக்கும், அதுதான் மேலைக் காப்பாத்தும். பாலு 300 கிராம். எண்ணெயை மாத்தினா கணக்கும் மாறும். ஒன் செல்லுல சோப்புக் கணக்குப் போட வழி இருக்காம்ல, சீரியல் பாத்த நேரம் போக அதையும் பாரு.

காஸ்டிக் விசயத்துல மட்டும் கிண்டல் கிடையாது, தாயி. ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணை மூடுற கண்ணாடி. நீ செல்ஃபிக்கு மாட்டுற கூலிங்கிளாஸ் இதுல சேராது. ஜன்னலைத் திற. அலுமினியச் சட்டியைத் தொடவே தொடாதே. காஸ்டிக் அதைத் தின்னு ஹைட்ரஜன் வாயுவைக் கக்கும். எவர்சில்வர் எடு. சாக்கடை அடைப்பு எடுக்குற பொடியும் காஸ்டிக்தானேன்னு வாங்கிறாதே, சிலதுல அலுமினியத் துண்டையே கலந்து விக்கான். மேல பட்டா வினிகரைத் தேடிக்கிட்டு ஓடாம குழாய்க்கு அடியில ரொம்ப நேரம் காட்டு. கண்ணுல பட்டா கழுவிக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போ. மிச்சத்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி வைக்காதே. அப்படி வச்சுப் புள்ளைக எடுத்துக் குடிச்ச கொடுமை நெறைய நடந்திருக்கு.

காஸ்டிக்கைத்தான் பால்ல போடணும். பாலைக் கொண்டு போய் அது தலையில ஊத்தினா மூஞ்சியில தெறிக்கும். உறைஞ்ச பாலை எடை போட்டு, சட்டியை ஐஸ் தண்ணியில உக்கார வச்சு, ஒரு சிட்டிகை போடு, கலக்கு, கரையட்டும், அடுத்த சிட்டிகை போடு. ஒரே கொட்டா கொட்டினா பாலுல உள்ள சர்க்கரை கருகி ஆரஞ்சு கலராகி, மூத்திர நாத்தம் கெளம்பும். அப்போ ஆட்டைத் திட்டாதே. ஆடு அதோட வேலையை ஒழுங்காத்தான் பாத்திருக்கு.

இனி ஒன் கலருக்கு வாரேன். அடுப்படி டப்பாவுல உள்ளதெல்லாம் இயற்கைச் சாயம்னு நெனச்சிக்கிட்டிருக்கே. பீட்ரூட் சாறு ஊத்து. ஊத்தும்போது ரோசாப்பூ, விடிஞ்சு பாத்தா சாணி. செம்பருத்தியும் அதே வழிதான். சங்குப்பூ நீலம்னு மயங்காதே, காரம் பட்டதும் பச்சைக்கு ஓடும், அங்கனயும் தங்காது. முருங்கைப் பொடி கொஞ்ச நாள்ல சருகாப் போயிரும். மஞ்சள் இருக்கே, அது மகா கள்ளி. ஆரத்திக்கு மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு கலந்தா செவக்குதுல்லா, அதே சங்கதி இங்கயும் நடக்கும். காஸ்டிக் பட்டவுடனே குங்குமமா நிக்கும். நீயும் “சிவப்பு கெடச்சிட்டு தாத்தா”ன்னு படம் புடிச்சு அனுப்புவே. காரம் அடங்க அடங்க அது காவியாகி, மறுபடி மஞ்சளாகி, ஜன்னலோரம் வச்சா அதுவும் வெளுத்துப் போகும். நான் அந்தப் படத்தை வச்சுக்கிட்டு ஒன்னைக் கேப்பேன்.

காரத்துக்கு முன்னாடி முதுகு வளையாத சரக்கு கொஞ்சம்தான். நீலச்சாயம் எடுக்குற அவுரி நிக்கும். மஞ்சிட்டி வேர் நிக்கும், இளஞ்சிவப்பு தரும். கரித்தூள் நிக்கும். கடைச்சரக்குல அயன் ஆக்ஸைடும் அல்ட்ராமரைன் நீலமும் நிக்கும். மைக்காத் தூள்ல பாதி யோக்கியன், பாதி ஏமாத்து. சோப்புக்கு ஆகும்னு எழுதியிருக்கான்னு பாத்து வாங்கு. கோலப்பொடி, துணிச்சாயம் எல்லாம் மேலுக்கு ஆகாது. இன்னொண்ணு: ஆட்டுப்பால் சோப்புக்கு அடிநெறமே இளமஞ்சள். அதுல நீலத்தைக் கலந்தா பச்சை சாடை அடிக்கும். வெள்ளை வெளேர்னு வேணும்னா ஒரு பங்குல டைட்டானியம் டை ஆக்ஸைடு கலக்கணும். ‘முழுக்க இயற்கை’ன்னு அட்டையில எழுதுற ஆசையை அன்னைக்கு விட்டுரு.

சுழி எப்படி வரும்னு கேக்குதே. அவசரப்படாம இருந்தா வரும். அதுதான் ஒங்கிட்ட இல்லாத சரக்கு. காஸ்டிக் கரைஞ்ச பாலை எண்ணெயில ஊத்தி, அந்தக் கையில புடிக்குற மெஷினை வச்சு விர்ருன்னு அடிச்சா அஞ்சே நிமிசத்துல இறுகி, ஊத்த வராது, அள்ளித்தான் அப்பணும். ரெண்டு செகண்டு ஓட்டு, நிறுத்து, கையால கலக்கு. கரண்டியில தூக்கி விட்டா அந்தக் கோடு மேல லேசாத் தெரிஞ்சு மறையணும். அந்தப் பதத்துல பிரிச்சுக் கலர் சேர்த்துரு. ஒண்ணு மாத்தி ஒண்ணு அச்சுல ஊத்து. உயரத்துல இருந்து ஊத்தினா உள்ள போகும், தாழ ஊத்தினா மேலேயே தங்கும். கடைசியில ஒரு குச்சியோ, வளைச்ச கம்பியோ விட்டு ரெண்டு சுத்து சுத்தி எடுத்துரு. இன்னும் ஒரு சுத்து விட்டா இன்னும் அழகா இருக்குமேன்னு கை அரிக்கும். அந்த அரிப்புலதான் நாலு கலரும் சேந்து சேறாகும்.

மல்லிகை வாசனை போடணும்கிறே. பூ வாசனை எண்ணெய் பலது சோப்பைச் சட்டியிலேயே கல்லாக்கிரும், கிராம்பெண்ணெயும் அப்படித்தான். வெனிலா பழுப்பாக்கும். மொதல்ல ஒரு சின்ன டப்பாவுல போட்டுப் பாரு.

ஊத்தி முடிச்சதும் அச்சைப் போர்வையில சுத்தாதே. பாலும் சர்க்கரையும் உள்ள சோப்பு தானாவே சூடேறும், சில நேரம் பொங்கி வழியும். ஃபிரிட்ஜுல வை, உங்கம்மாகிட்ட கேட்டுட்டு வை. ஒரு நாள், ரெண்டு நாள் கழிச்சு வெட்டு. சுழி விழுந்துதா இல்லையான்னு அப்போதான் ஒனக்கே தெரியும். வெட்டின கட்டியை நாலுலேர்ந்து ஆறு வாரம் காத்தோட்டமா அடுக்கி வை. அதுல உள்ள தண்ணி வத்தி, கட்டி எடை குறைஞ்சு, கெட்டிப்படும். அதுக்குள்ள குளிச்சா சீக்கிரம் கரைஞ்சு ஓடிரும், நீ மறுபடி ஆட்டுக்கிட்ட வந்து நிக்கணும்.

சொந்தக்காரங்களுக்குக் குடுக்கதோட நிறுத்து. விக்கப் போறேன்னா 2020 அழகுசாதனப் பொருள் விதிப்படி லைசென்ஸ் வாங்கணும். அதை வாங்காம ‘தாத்தா கைப்பக்குவம்’னு எம்பேரைப் போட்டு வித்தா, போலீஸ் வந்து கேட்டா நீ யாருன்னே தெரியாதுன்னு சொல்லிருவேன். எனக்கு ஒண்ணு அனுப்பு. சுழி விழுந்ததை ஒன் சிநேகிதிகளுக்குக் குடு. ஓரத்துல வெட்டி ஒதுக்குற துண்டு எனக்குப் போதும். ஊத்துன தேதியை மட்டும் காகிதத்துல எழுதி ஒட்டு. ஆறு வாரம் ஆகலைன்னா திருப்பி அனுப்பிருவேன்.