அரண்டவன் கண்ணும் 128 பைட்டும்

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்ற பழமொழியை இன்றைய கணினியில் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் மிகச் சரியாக 108 பைட் பிடிக்கும். அது ஆம்புலன்சைக் கூப்பிடும் எண்ணாகவும் இருப்பது தற்செயல்தான். 1977இல் கடைக்கு வந்த அடாரி 2600 விளையாட்டுப் பெட்டியின் மொத்த ரேம் 128 பைட். பழமொழியை உள்ளே உட்காரவைத்துவிட்டால் மிச்சம் 20. ஆட்டக்காரர் எங்கே நிற்கிறார், பேய் எங்கே நிற்கிறது, இன்னும் எத்தனை உயிர் பாக்கி என்ற கணக்கையெல்லாம் அந்த இருபதுக்குள் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

பயமுறுத்தும் வீடியோ கேம்களின் வரலாற்றைச் சொல்பவர்கள் மேதைகளுக்கு மாலை போட்டு ஆரம்பிப்பார்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் முதல் மரியாதை குலதெய்வத்துக்குத்தானே? இந்தத் துறையின் குலதெய்வம் பற்றாக்குறை. நினைவகம் இல்லை, வேகம் இல்லை, சத்தம் இல்லை, சில சமயம் நல்ல நடிகர்கூட இல்லை. ஒவ்வொரு ‘இல்லை’யிலிருந்தும் ஒரு பேய் கிளம்பியது.

பூர்வ கதை ஜப்பானில். 1978இல் டைட்டோ நிறுவனத்தின் டொமோஹிரோ நிஷிகாடோ ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ செய்தார். ஐந்து வரிசையில் 55 வேற்றுக்கிரகவாசிகள். அந்தக் காலத்துச் செயலி அத்தனை பேரையும் கட்டி மேய்க்க முடியாமல் மூச்சு வாங்கியது. ஆட்டக்காரர் சுட்டுத்தள்ளத் தள்ள அதற்குச் சுமை குறைந்தது, மிச்சமிருந்தவர்கள் வேகமெடுத்தார்கள். கடைசி ஆள், சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பிப்போன கல்யாண வீட்டில் பையன் ஓடுவதைப் போல ஓடினான். இதைக் குறையென்று திருத்தாமல் நிஷிகாடோ அப்படியே விட்டுவிட்டார். கூடவே நாலு சுரத்தில் ‘டும் டும் டும் டும்’ என்று ஒரு தாளம், அதுவும் வேகமெடுக்கும். ஆட்டக்காரரின் நெஞ்சும் அதையே பிடித்துக்கொண்டது. இயந்திரத்துக்கு இளைப்பு வந்ததில் மனிதனுக்குப் படபடப்பு வந்தது.

நான்கு ஆண்டு கழித்து, 1982இல், அடாரி பேய் பங்களா கட்ட இறங்கியது. பெயரே ‘ஹாண்டட் ஹவுஸ்’. செய்நிரலுக்குக் கார்ட்ரிட்ஜில் 4 கிலோபைட் இடம். நிரல் எழுதியவருக்கும் பெட்டிக்கும் நடந்த பேச்சுவார்த்தைக்குச் சாட்சி யாரும் இல்லை. ஆனால் ஆட்டத்தைப் பார்த்தால் அது எப்படி முடிந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

“ஆட்டக்காரருக்கு ஒரு உடம்பு வரையணும்.”

“இடமில்லை.”

“முகமாவது?”

“இடமில்லை.”

“அப்ப அந்த ஆள் எப்படித்தான் தெரிவாரு?”

“ரெண்டு கண்ணு வெச்சுக்கோ. இடத்தைக் காலி பண்ணு.”

ஆக, கறுப்புத் திரையில் இரண்டு கண்கள் மட்டும் நடந்துபோயின. நாலு மாடி பங்களா. உடைந்த தாழி ஒன்றின் மூன்று துண்டுகளைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். வௌவால், சிலந்தி, பேய் எல்லாம் குடியிருக்கும் வீடு. தீக்குச்சி கிழித்தால் காலடியில் கொஞ்சம் வெளிச்சம். ஆபத்து பக்கத்தில் வந்தால் குச்சி அணைந்துவிடும். ஆட்டக்காரருக்கு உயிர் ஒன்பது. செத்தால் கண்கள் சுழலும். அட்டையில் படம் போட்டவர் பயமுறுத்தியதில் பாதிகூட உள்ளே இல்லை. ஆனாலும் பிள்ளைகள் பயந்தார்கள். இருட்டைக் கொடுத்துவிட்டால் போதும், பேயை அரண்டவன் தன் சொந்தச் செலவில் செய்துகொள்வான் என்ற ரகசியம் இப்படித்தான் வெளியே வந்தது.

அதே காலத்தில் இங்கிலாந்தில் இன்னும் ஏழைப்பட்ட பெட்டி ஒன்று இருந்தது. சின்க்ளேர் இசட்எக்ஸ்81. கறுப்பு வெள்ளை, சத்தம் என்ற பேச்சே கிடையாது, நினைவகம் 1 கிலோபைட். அதற்கு முதுகில் 16 கிலோபைட் பொட்டலம் ஒன்றை வாங்கிச் செருகிக்கொள்ளலாம். மால்கம் எவன்ஸ் இதற்குள் ‘3டி மான்ஸ்டர் மேஸ்’ என்று ஒரு புதிர்ப்பாதை கட்டி, உள்ளே ஒரு டைனோசரை அவிழ்த்துவிட்டார். ஆட்டக்காரரின் கண்ணிலிருந்து பார்க்கும் முப்பரிமாணப் பாதை. மூலை திரும்பினால் டி-ரெக்ஸ். கட்டம் கட்டமாக இருந்தாலும் வாய் மட்டும் வஞ்சனையில்லாமல் பெரியது.

காலடிச் சத்தம் இல்லாமல் டைனோசர் எப்படி வரும்? ‘காலடிச் சத்தம் நெருங்குகிறது’ என்று திரையின் கீழே எழுதிக் காட்டினார்கள். ஊர் நாடகத்தில் ‘ராஜா வருகிறார்’ என்று கட்டியக்காரன் சொன்னால் ராஜா வந்த மாதிரிதானே? வாசித்தவர்களுக்குக் காதில் சத்தம் கேட்டது. உண்மையான திகில் பெட்டியின் முதுகில் இருந்தது. அந்த 16 கிலோபைட் பொட்டலம் சரியாக உட்காராது. மேசை கொஞ்சம் ஆடினால் போதும், பெட்டி உயிரை விட்டுவிடும். டைனோசரைப் பார்த்து ஆட்டக்காரர் துள்ளினால், டைனோசர் உட்பட எல்லோரும் செத்தார்கள்.

பிறகு மாளிகைக் காலம். ஜப்பானின் கேப்காம் 1989இல் ‘ஸ்வீட் ஹோம்’ என்று ஒரு பேய் மாளிகையைக் கட்டியது. அடுத்த அறை வருவதற்குள் ஒரு கதவு மெல்லத் திறப்பதைக் காட்டியது. 1992இல் பிரான்சிலிருந்து ஃபிரடெரிக் ரேனாலின் ‘அலோன் இன் தி டார்க்’ வந்தது. ‘அறை முழுவதையும் முப்பரிமாணத்தில் வரையலாமா?’ என்று கேட்டால் அன்றைய கணினி என்ன சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். எனவே அறையை ஓவியமாக வரைந்து ஒட்டிவிட்டு, மனிதர்களை மட்டும் முக்கோணம் சதுரங்களால் கட்டினார்கள். காகிதம் மடித்துச் செய்த மாதிரி ஆட்கள். ஓவியம் திரும்பாது என்பதால் கேமராவும் திரும்பாது. உத்தரத்து மூலையில் ஆணியடித்தது போல நின்று பார்த்தது. ஆட்டக்காரருக்கு என்ன தோன்றியது? ‘மேலேயிருந்து யாரோ என்னைப் பார்க்கிறார்கள்.’ செலவில்லாமல் இன்னொரு பேய்.

இந்த இரண்டு வீட்டுச் சம்பந்தத்தில் பிறந்த பிள்ளைதான் 1996இன் ‘ரெசிடென்ட் ஈவில்’. கேப்காம் வீட்டுப் பிள்ளை, வளர்த்தவர் ஷின்ஜி மிகாமி. கதவு திறக்கும் காட்சி பாட்டி கொடுத்த சீதனம். குறுவட்டிலிருந்து அடுத்த அறையை இறக்கும்வரை ஆட்டக்காரரை வாசலில் நிறுத்திவைக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு கதவு கிறீச்சென்று திறக்கும். வங்கியில் டோக்கன் வாங்கிக் காத்திருப்பதற்கும் இதற்கும் தொழில்நுட்ப ரீதியில் வித்தியாசமே கிடையாது. ஆனால் இங்கே காத்திருந்தவர்களுக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஆளைத் திருப்புவது பீரோவை நகர்த்துவது போல இருக்கும். ஆட்டத்தைச் சேமித்துவைக்கத் தட்டச்சுப் பொறிக்கு மை ரிப்பன் வேண்டும், அதுவும் ரேஷன். தாழ்வாரத்தில் சும்மா நடந்துபோகும்போது கண்ணாடியை உடைத்துக்கொண்டு நாய் பாயும். அன்று கையிலிருந்த கண்ட்ரோலரைப் பறக்கவிட்டவர்கள் பலர். இத்தனைக்கும் அதன் வசனங்கள் தனி ரகம். மேற்கூரை இறங்கி நசுக்கப்பார்த்த பெண்ணைக் காப்பாற்றிய வீரர், ‘நீ சாண்ட்விச் ஆகியிருப்பாய்’ என்று டிபன் கடை பாஷையில் ஆறுதல் சொல்கிறார். ஜப்பானியப் பதிப்பிலும் ஆங்கிலத்திலேயே பேசினார்கள். அடியில் எழுத்து ஓடியது. அந்தக் கொடுப்பினை ஆங்கிலம் தெரியாத ஆட்டக்காரர்களுக்குத்தான்.

இதற்கிடையே பேய்களுக்கு அமெரிக்க நாடாளுமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. ‘நைட் டிராப்’ என்று ஓர் ஆட்டம், சேகா நிறுவனத்தின் சேகா சிடி கருவியில் 1992இல் வெளியானது. அதன் படப்பிடிப்பு 1987இலேயே, வெளிவராமல் போன வேறொரு கருவிக்காக முடிந்திருந்தது. ஐந்து வருடம் பரணில் கிடந்த சரக்கு. ஒரு வீட்டில் பெண்கள் கூடி ராத்தங்குகிறார்கள். கறுப்புடை போட்ட சிலர் முழங்கால் வலிக்காரர்கள் போல நடந்து உள்ளே வருகிறார்கள். ஆட்டக்காரர் மறைகேமராவில் பார்த்து, பொறி வைத்துப் பிடித்து, பெண்களைக் காப்பாற்ற வேண்டும். 1993 டிசம்பர் 9 அன்று செனட்டர்கள் ஜோ லீபர்மனும் ஹெர்ப் கோலும் நடத்திய விசாரணையில், இது பெண்களைத் தாக்கச் சொல்லித்தரும் ஆட்டமாகக் கூண்டில் நின்றது. சேகாவின் போட்டியாளரான நின்டெண்டோவின் தரப்பில் ஹோவர்ட் லிங்கன் வந்தார். இந்த ஆட்டம் எங்கள் கருவியில் ஒருநாளும் வராது என்று சபையில் சத்தியம் செய்துவிட்டுப் போனார்.

அந்தக் களேபரத்தில்தான் 1994இல் ஈஎஸ்ஆர்பி என்ற வயதுத் தரச்சான்று அமைப்பு பிறந்தது. 2017இல் ‘நைட் டிராப்’ மறுபடி வெளியானபோது அதே அமைப்பு அதைப் பார்த்துவிட்டு, 13 வயதுப் பிள்ளைகள் விளையாடலாம் என்றது. 2018இல் நின்டெண்டோவின் ஸ்விட்சிலும் அது வந்து உட்கார்ந்தது. இந்த ஆட்டத்தில் அரண்டவர்கள் ஆடியவர்களைவிட ஆடாதவர்கள்தான். அவர்கள் கண்ணுக்கும் இருண்டதெல்லாம் பேய்.

பற்றாக்குறை தன் உச்சபட்ச அருளைக் காட்டியது 1999இல், கொனாமியின் ‘சைலன்ட் ஹில்’லில். இந்த முறை மாளிகை போதவில்லை. ஊரையே கட்ட நினைத்தார்கள். பிளேஸ்டேஷனிடம் கேட்டார்கள். “ஊரா? எதிர்வீடு வரைக்கும்தான் என்னால முடியும்.” சரி என்று அதற்கு அப்பால் பனிமூட்டத்தைக் கொட்டி மூடினார்கள். விருந்தாளி வரும்போது அழுக்குத் துணியின் மேல் போர்வையைப் போட்டு மூடும் அதே கலை. ஆனால் அந்தப் பனியில் தொலைந்த மகளைத் தேடி ஒரு சாதாரண எழுத்தாளர் ஓடுகிறார். ஓடினால் மூச்சு வாங்குகிறது. சுட்டால் குறி தவறுகிறது. கூடவே இருக்கும் ரேடியோ ஏதாவது நெருங்கும்போதெல்லாம் இரைகிறது. பத்தடிக்கு அப்பால் என்ன இருக்கிறது? உண்மையான பதில்: ஒன்றுமே இல்லை, வரையவில்லை. ஆட்டக்காரருக்குத் தோன்றிய பதில்: எல்லாம் இருக்கிறது.

போர்வையை எடுத்தால் என்னாகும் என்பதற்கும் அத்தாட்சி உண்டு. 2012இல் இரண்டாம் மூன்றாம் பாகங்களைத் துலக்கி மறுவெளியீடு செய்தார்கள். பழைய மூல நிரலின் முடிந்த வடிவம் அவர்கள் கைக்குக் கிடைக்கவில்லை. இரண்டாம் பாகத்தில் பனி மெலிந்துபோனது. ஏரித் தண்ணீர் பாதியில் வெட்டி நிற்பதும் உலகம் சட்டென்று முடிவதும் பளிச்சென்று தெரிந்தன. பேயின் பாவாடைக்குக் கீழே பொய்க்கால் தெரிந்தபிறகு யார் பயப்படுவார்கள்?

2002இல் ‘இடர்னல் டார்க்னஸ்’ என்ற ஆட்டம் திரையைத் தாண்டிக் கூடத்துக்கே வந்தது. நாயகரின் புத்தி பேதலிக்கப் பேதலிக்க, தொலைக்காட்சியின் ஒலி தானாகக் குறைவது போலக் காட்டும். நீங்கள் சேமித்துவைத்த ஆட்டங்களை அழித்துக்கொண்டிருப்பதாகப் பாவனை செய்யும். ரத்தம், எலும்புக்கூடு எதற்கும் அசையாத ஆட்கள் இந்தக் கடைசி ஒன்றுக்கு அலறினார்கள். பேய் வந்தால் உயிர்தான் போகும். இது போனால் மூன்று வார உழைப்பு போகுமே!

அதற்குப் பிறகு பெட்டிகள் பணக்காரராகிவிட்டன. “இடமிருக்கு, எதை வேணும்னாலும் கேளு” என்று அவையே கெஞ்சின. ஆட்டம் செய்பவர்களுக்குப் பெரிய சங்கடம். எல்லாம் தெரிந்தால் எவன் பயப்படுவான்? எனவே வேண்டுமென்றே வறுமையை இழுத்துவந்தார்கள். 2010இல் ஸ்வீடனின் ஃபிரிக்‌ஷனல் கேம்ஸ் ‘அம்னீசியா’வில் ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டது. இருட்டில் நின்றால் புத்தி பிசகும். பேயை உற்றுப் பார்த்தாலும் பிசகும். அலமாரிக்குள் போய் உட்காருவதுதான் வீரம். அப்படி உட்கார்ந்து அலறுபவர்களின் முகத்தை யூடியூபில் பார்ப்பது தனிப் பொழுதுபோக்கானது.

ஸ்காட் காதனிடம் இருந்த பற்றாக்குறை வேறு வகை. குழந்தைகளுக்காக, மரம் வெட்டும் பீவர் குடும்பத்தைப் பற்றிக் கபடமில்லாமல் ஓர் ஆட்டம் செய்தார். பொம்மைகள் சாவி கொடுத்த இயந்திரம் போல இருக்கின்றன, பார்த்தாலே பயமாக இருக்கிறது என்றார்கள் விமர்சகர்கள். மனிதர் நொந்துபோனார். பிறகு, ‘பயமா? இருங்கள்’ என்று இயந்திரப் பொம்மைகளையே பேயாக்கி, 2014 ஆகஸ்டில் ‘ஃபைவ் நைட்ஸ் அட் ஃபிரெடிஸ்’ வெளியிட்டார். ஆட்டக்காரர் ராத்திரிக் காவலாளி. நாற்காலியைவிட்டு எழ முடியாது. கதவை மூடலாம், ஆனால் மூடினால் கரண்ட் செலவாகும். விடிவதற்குள் கரண்ட் தீர்ந்தால் பொம்மை வந்துவிடும். இதிலுள்ள திகிலை மின்வெட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அதே மாதம் ஹிடியோ கொஜிமாவும் திரைப்பட இயக்குநர் கியர்மோ டெல் டோரோவும் சேர்ந்து ‘பி.டி.’ என்று ஒரு மாதிரி ஆட்டத்தை பிளேஸ்டேஷன் 4இல் இலவசமாக விட்டார்கள். வரவிருந்த புதிய ‘சைலன்ட் ஹில்’லுக்கு முன்னோட்டம். ஊரையே வரையத் திராணியுள்ள பெட்டியில் ஒரே ஒரு தாழ்வாரத்தைக் கட்டினார்கள். கதவைத் திறந்துபோனால் அதே தாழ்வாரம். மறுபடியும் அதே தாழ்வாரம். அதற்கே ஆட்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்கினார்கள்.

2015இல் கொனாமி அந்த முழு ஆட்டத்தைக் கைவிட்டது, ‘பி.டி.’யையும் கடையிலிருந்து எடுத்தது. அழித்தவர்களுக்கு அது திரும்பக் கிடைக்காது. அது உள்ளே இருக்கும் பழைய பெட்டிகளுக்கு ஈபேயில் ஆயிரம் டாலருக்கு மேல் விலை சொன்னார்கள். இலவசமாக வந்த ஒரு தாழ்வாரத்துக்கு!

அப்படியொரு பெட்டி வைத்திருப்பவரை நினைத்துப்பாருங்கள். புதிய ஆட்டம் ஒன்றை ஆசையாக வாங்குகிறார். பல பத்து கிலோபைட் இல்லை, பல பத்து ஜிகாபைட். இறக்கச் சொல்கிறார். பெட்டி தன் மூதாதையரின் குரலில் சொல்கிறது: “இடமில்லை. பழையது எதையாவது அழிக்கட்டுமா?” பட்டியலில் பொத்தான் ஒவ்வொன்றாகக் கீழே இறங்குகிறது. ‘பி.டி.’ மேல் வந்து நிற்கிறது. விரல் நடுங்குகிறது.