தொட்டிப் பண்டிதர்

கறுப்புத் தொட்டியின் வால்வில் நாம் கையை வைக்கிற சமயம் பார்த்து, அழையாமலே பக்கத்தில் வந்து, இடுப்பில் இரு கைகளையும் ஊன்றிக்கொண்டு, "சாம்பல் தொட்டியை முதலில் திறந்துவிடவில்லையே?" என்று கவலையோடு விசாரிக்கிற அந்த மனிதரை, வீட்டுவண்டியில் குடித்தனம் செய்த எவருக்கும் நான் அறிமுகம் செய்துவைக்க வேண்டிய அவசியம் இல்லை. வட மாநிலங்களின் பனிக்கு அஞ்சிய முதியவர்கள், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, தத்தம் வண்டிகளோடு வந்து தங்குகிற லா போசா என்ற அரசாங்க முகாம் நிலம், அரிசோனா மாநிலத்துக் குவார்ட்சைட் ஊரை ஒட்டிய பாலைவனத்தில் இருக்கிறது. அங்கே வண்டி நிற்கிற இடத்தில் சாக்கடை இணைப்புக் கிடையாது. ஒவ்வொரு குடும்பமும் தன் அழுக்கைத் தானே சுமந்து, டம்ப் ஸ்டேஷன் என்கிற பொது மேடைக்குக் கொண்டுவந்து இறக்கியாக வேண்டும். அந்த மேடைதான் நமது பண்டிதர் நித்திய வாசம் செய்யும் க்ஷேத்திரம்.

அவர் சொல்வது தப்பு என்றால் சமாளித்துவிடலாம். அவர் சொல்வதெல்லாம் சரியாக இருப்பதுதான் சகிக்க முடியாத விஷயம். கழிப்பறைக்குரிய கறுப்புத் தொட்டியை முதலில் காலி செய்து, குளியலும் பாத்திரமும் கழுவிய ஜலம் தேங்கும் சாம்பல் தொட்டியைப் பிறகு திறந்தால், பின்னதன் சோப்பு நீர் முன்னது போன வழியை அலம்பிவிடும் என்பது சர்வ நிச்சயமான உண்மை. ஆனால் அந்த உண்மையை நிரூபிக்க அவர் கைக்கொண்டிருக்கும் சாதனம் ஒன்று உண்டு. வண்டியின் வாய்க்கும் மூன்று அங்குலக் கழிவுக் குழாய்க்கும் நடுவே மாட்டுகிற, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் வளைவு அது. தொட்டி கழுவி முடிந்ததா, தெளிந்த நீர் வருகிறதா என்று ஒரு கணம் பார்த்துக்கொள்வதற்காக யாரோ புண்ணியவான் செய்த அந்தச் சிறு உபகரணத்தை அவர் ஒரு கலாரசனையின் வாயிலாகவே ஆக்கிவிட்டார்.

கச்சேரியில் முன்வரிசை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வித்வானைவிடத் தமக்கே ராகலக்ஷணம் அதிகம் தெரியும் என்ற பாவனையில் தொடையில் தாளம் போடுகிற ரசிகரை அப்படியே கொண்டுவந்து அந்த வளைவின் முன் குந்தவைத்தால் போதும், நம் பண்டிதர் தயார். வால்வு திறந்ததும் வருகிற முதல் பிரவாகத்தின் துரித காலத்துக்குத் தலையை ஆட்டுவார், நடுவே வேகம் தளர்ந்து விளம்பத்துக்கு இறங்கினால் புருவத்தைச் சுருக்குவார், எங்கோ ஒரு தடை அகன்று, "களக்" என்ற நாதத்தோடு மிச்சமும் வந்து விழுந்தால், "பேஷ்!" என்ற பொருள்பட நம் தோளில் தட்டுவார். அது நம் குடும்பத்துக் கழிவு என்பதோ, நாம் வெட்கத்தால் பாலைவன மணலுக்குள் புதைந்துகொண்டிருக்கிறோம் என்பதோ அவருடைய ரசனைக்கு இடையூறு அல்ல. காகிதம் அதிகம், தண்ணீர் குறைவு, மருந்து போதவில்லை என்று சரளமாக அபிப்பிராயம் சொல்லுவார். முந்தாநாள் சோளம் சமைத்தீர்களோ என்று ஒரு கனவானை அவர் கேட்டதை நான் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அந்தக் கனவானின் முகம் போன போக்கை வர்ணிக்க எனக்குச் சக்தி இல்லை. இத்தனைக்கும் பின்னால் வண்டிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.

உபதேசத்தின் உச்சம் பிரமிட். சாக்கடை இணைப்புள்ள முகாம்களில் வால்வைத் திறந்தபடியே விட்டுவிடுகிற சோம்பேறிகளின் தொட்டியில், நீர் மாத்திரம் வடிந்து ஓடிவிட, திடப்பொருள் கழிப்பறைத் துவாரத்துக்கு நேர் கீழே கூம்பாகக் குவிந்து இறுகிவிடும். நீரைச் சிக்கனம் செய்கிறவர்களுக்கும் இதே கதிதான். இதை விளக்கும்போது, அமெரிக்க ராணுவத்தின் ஒட்டகங்களை மேய்க்க வந்து, 1902-இல் இறந்து, குவார்ட்சைட் மயானத்தில் கல் பிரமிட் ஒன்றின் கீழ் உறங்குகிற ஹாய் ஜாலியின் திக்கை நோக்கி அவர் விரலை நீட்டுவது வழக்கம். பாவம் ஹாய் ஜாலி!

சுவரில் பதித்த உலோக முனைகளில் காகிதம் ஒட்டிக்கொள்ள, காலித் தொட்டியையும் நிறைந்ததென்று பொய் சொல்லுகிற அளவு விளக்குகளைப் பற்றியும், காகிதத்தைக் கிழித்து ஜாடித் தண்ணீரில் போட்டுக் குலுக்கிக் கரைகிறதா என்று பார்க்கும் பரீக்ஷையைப் பற்றியும் அவருக்குத் தனித்தனி உபன்யாசங்கள் உண்டு. அவற்றை இங்கே விஸ்தரிக்கப் போவதில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனம் ஒப்பவில்லை. "தண்ணீருக்குக் கஞ்சத்தனம் கூடாது, தாராளமாக ஊற்றுங்கள்" என்று ஊரார்க்கெல்லாம் போதிக்கிற இந்த மகானுபாவர், தம் சொந்த வண்டியில், கழிப்பறை மிதியை மனைவி எத்தனை விநாடி அழுத்தலாம் என்று சட்டம் வகுத்திருக்கிறார். வியாழக்கிழமைக்கு முன் தொட்டி நிறைந்துவிடக்கூடாது என்பதற்காக, முழங்கால் வலிக்கிற அந்த அம்மாள் நடு இரவில் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு, சரளைக்கல் பாதையில் முகாமின் பொதுக் கழிப்பறைக்கு நடக்கிறார். இதில் நகைப்பதற்கு ஒன்றும் இல்லை. மற்றவர் தொட்டியின் ஆரோக்கியத்தில் இத்தனை சிரத்தை கொண்ட மனிதர், கூட வாழ்கிற ஜீவனின் அவஸ்தையைக் காணாதிருப்பது எனக்கு ஆத்திரத்தையே உண்டாக்குகிறது.

இந்தப் பருவத்தில் அவருக்குப் புதிய ஞானோதயம் ஒன்று ஏற்பட்டிருக்கிறது. கறுப்புத் தொட்டியையே கழற்றி எறிந்துவிட்டு, மலத்தையும் மூத்திரத்தையும் வெவ்வேறாகப் பிரித்து, முன்னதைத் தென்னைநார்த் தூளில் புரட்டி உலர்த்துகிற உரக் கழிப்பறையைப் பொருத்தப் போகிறாராம். தூள் கட்டி பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருவதை உறையில் படித்ததிலிருந்து, நான் தமிழன் என்ற ஒரே குற்றத்துக்காக, அதில் தூசி ஏன் இவ்வளவு என்று என்னிடம் சமாதானம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கு நான் ஏதோ மழுப்பினேன். ஒன்றிரண்டு நாளைக்கு ஒரு தடவை நிறைகிற மூத்திரக் குடுவையை யார் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டுவது என்று பக்கத்தில் நின்ற அந்த அம்மாள் கேட்டார். பண்டிதரோ தூள் கட்டியின் உறையைத் திருப்பி, பின்பக்கத்து எழுத்துகளைப் படிக்கத் தொடங்கிவிட்டார்.