போறது பாயில, வர்றது பஸ்ஸுல

வா அப்பு, இப்படி நெழல்ல உக்காரு. அந்த வலை மேல உக்காராத, நண்டு ஓடு சிக்கிக் கெடக்கும், சென்னைப் பேண்ட்டு கிழிஞ்சுரும். காலையில இருந்து நாலு தடவ கடக்கரைக்கும் வீட்டுக்கும் நடந்துட்ட. கையில செல்லு, செல்லுக்குள்ள ஒரு படம், படம் பூரா அம்புக்குறி. என்னடான்னு கேட்டா "காத்து அய்யா"ங்குற. காத்தைப் பாக்க நாங்கள்லாம் தலையத் தூக்குவோம். நீ குனிஞ்சு பாக்குற.

ஒன்னையச் சொல்லிக் குத்தமில்ல. கடலே கெடையாத ஹைதராபாத்துல ஒரு ஆபீசு இருக்கு, இன்காய்ஸ்னு பேரு. நம்ம கடல்ல நாளைக்கு அலை எம்புட்டு ஒசரம்னு அங்க இருந்துதான் சொல்றாக. பெரும்பாலும் சரியாத்தான் இருக்கு. அதனால செல்லையும் பாரு, தலையையும் தூக்கு. பாம்பன்ல புயல் கூண்டு ஏத்துனாகன்னா ரெண்டையும் விட்டுட்டு வீட்டுல படு.

ஒந்திட்டம் எனக்குத் தெரியும். கல்யாணமாகி நாலு மாசம். அந்தப் புள்ள கோயமுத்தூரு, அது பாத்ததுலயே பெரிய தண்ணி உக்கடம் பெரியகுளம். அதை நம்ம வள்ளத்துல ஏத்தி, பாய விரிச்சு, நம்புதாளையில இருந்து தேவிபட்டினம் வரைக்கும் ஓடி, நவபாஷாணக் கோயிலைக் கடல் பக்கமா இருந்து காட்டி, பொழுதடையக் கூட்டியாந்துரணும். மதியத்துக்குத் தொண்டியில இருந்து பிரியாணிப் பொட்டலம். நல்ல திட்டம்தான். அந்தப் புள்ள வராம இருந்தா இன்னும் நல்லா நடக்கும்.

மொறைக்காத. இதே திட்டத்த 1971-ல போட்டவன் நானு. உங்க அப்பத்தா திருவாடானைப் பக்கம், வயக்காட்டுக் குடும்பம். கண்மாயத் தவிர வேற தண்ணி தெரியாது. எனக்கு அப்ப இருபத்துநாலு வயசு, நெஞ்சு பூரா காத்து. தை மாசம், வாடை தள்ளுது. முழுப் பாயையும் ஏத்திட்டேன். வள்ளம் பறக்குது. நான் பின்னால நின்னுக்கிட்டு "எப்படி?"ங்குறேன். அவ குறுக்குக் கட்டையைப் பிடிச்சுக்கிட்டு கண்ண மூடி உக்காந்துருக்கா. சாமி கும்புடுறான்னு நெனச்சேன். முப்பது கிலோமீட்டரு, நாலே மணி நேரம், தேவிபட்டினம். எறங்குனா, மூஞ்சியக் கழுவுனா, "நான் பஸ்ஸுல வாரேன்"னா. அம்புட்டுத்தான். ராமநாதபுரம் போயி, திருவாடானை போயி, தொண்டி போயி, ஊரச் சுத்தி வந்தாலும் பொழுது சாய வீட்டுல இருந்துருக்கா. நான்? வாடைக்கு நேரா மூஞ்சியக் காட்டி எந்த வள்ளமும் போகாது அப்பு. அங்கிட்டு ஓடி, இங்கிட்டு ஓடி, ஒரு மைலுக்கு ரெண்டு மைலு ஓடணும். மறுநா வெள்ளன வந்து சேந்தேன். அவ வாசத் தெளிச்சுக்கிட்டு இருந்தா. நிமிந்துகூடப் பாக்கல. "ஏன், வழியில கூட்டமா?"ன்னா.

அதுக்கப்புறம் முப்பது வருசம் அவ வள்ளத்துல காலு வைக்கல. கடலுக்குப் பயம்னுதான் ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஒருநா நம்ம வீட்டுக் கல்யாணப் பேச்சுல எல்லாரும் உக்காந்துருக்கப்ப, யாரோ அவளையே கேட்டுட்டாக. அப்பத்தான் வாயத் தெறந்தா. "கடலு என்னைய ஒண்ணுஞ் செய்யல. வள்ளத்துல ஒதுங்க எடம் ஏது? அதனால மொதநா ராத்திரியில இருந்து நான் தண்ணியே குடிக்கல"ன்னா.

நாங்கள்லாம் வள்ளத்து ஓரத்துல நின்னு வேலையை முடிச்சுட்டுப் பீடி பத்தவைக்கிற ஆளுக. எனக்கு எப்படிப்பா தோணும்? வெயில்ல நாலு மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம உக்காந்தா கல்லுக்குக்கூடத் தலை சுத்தும், கொமட்டும். பழிய மட்டும் அலை மேல போட்டுட்டோம். முப்பது வருசமா அந்த அலை எந்தலையில அடிச்சிருக்கணும்.

அதனால ஒந்திட்டத்துல மொத வேலை காத்து இல்ல. எறங்குற எடத்துல நல்ல கழிப்பறை இருக்கா, கதவுக்குத் தாப்பா இருக்கா, தண்ணி வருதா? நீ மொதல்ல பைக்குல போயி பாத்துட்டு வா. பாத்துட்டு வந்தேன்னு அந்தப் புள்ளகிட்டச் சாடையாச் சொல்லு. அது சந்தோசமாத் தண்ணி குடிக்கும். பாதிப் பயணம் அங்கேயே முடிஞ்சிருச்சு.

ரெண்டாவது, தேவிபட்டினத்த விடு. காரங்காடு போ. இங்கருந்து கடல்வழி பத்து கிலோமீட்டர் இருக்கும். காத்து சுமாரா இருந்தாலே ஒண்ணரை மணி, ரெண்டு மணி. அங்க அலையாத்திக் காடு இருக்கு, வனத்துறையும் ஊர்க்காரகளும் சேந்து படகு விடுறாக, ஊர்ப் பொம்பளைக நண்டும் கணவாயும் சமைச்சுக் குடுக்குறாக. செங்கோல் மாதா கோயில் இருக்கு. நெழல் இருக்கு. ஒன்னோட பிரியாணிப் பொட்டலத்த நீ வச்சுக்க. வள்ளத்துல ஏர்றதுக்கு முன்னால ரெண்டு இட்லி, அம்புட்டுத்தான். வெறும் வயிறும் ஆகாது, முட்டுன வயிறும் ஆகாது. மடியில இஞ்சி மரப்பா நாலு, ஒரு எலுமிச்சம்பழம்.

மறந்துறாத, அதுகிட்ட நேரஞ் சொல்றப்ப மூணு மணி நேரம்னு சொல்லு. ரெண்டு மணியில கொண்டுபோய் எறக்குனா நீ கெட்டிக்காரன். ஒண்ணரைன்னு சொல்லிட்டு ரெண்டு மணி ஆச்சுன்னா பொய்க்காரன். ரெண்டும் ஒரே காத்துதான். "இந்தா வந்துருச்சு, இன்னும் அஞ்சு நிமிசம்"னு மட்டும் வாய் தவறியும் சொல்லாத. பல் புடுங்குறவுகளும் அதைத்தான் சொல்றாக.

மாசம் எது? மாசி போகட்டும். பங்குனியில நம்ம கடலு எண்ணெய் ஊத்தின மாதிரி கெடக்கும். ஐப்பசி கார்த்திகையில வாடை, ஆனி ஆடியில கச்சான் மண்ணை வாரி மூஞ்சியில அடிக்கும், அதெல்லாம் வேண்டாம். இந்தப் பக்கத்துக்குப் பொண்ணு கடலுன்னு பேரு. ராமேசுவரத்துக்குத் தெக்க மன்னார் வளைகுடா ஆம்பளைக் கடலாம். இது சாதுங்குறதால இந்தப் பேராம். பேரு வச்ச மகராசன் கார்த்திகை மாசம் இங்க வந்ததில்ல. கல்யாணமும் ஆகாதவன்னு நெனைக்கிறேன்.

வெள்ளன அஞ்சரைக்குக் கெளம்பு. ராத்திரி தரை சீக்கிரம் குளுந்துரும், கடலு சூட்ட விடாது. அதனால விடியிற நேரத்துல காத்து கரையில இருந்து கடலுக்கு வரும். கரையோரமாவே போனா அலை இருக்காது, காத்து பக்கவாட்டுல மெதுவாத் தள்ளும், தொட்டில் மாதிரி இருக்கும். ஆனா ஒண்ணு, கரைக் காத்துல கயிறு அறுந்துச்சுன்னா வள்ளத்த ஊருக்குத் தள்ளாது, யாழ்ப்பாணம் பக்கம்தான் தள்ளும். இடுப்பளவு தண்ணியில கடல்புல்லு தெரியிற தூரத்துலயே ஓட்டு. நங்கூரத்த மறந்துறாத. ரெண்டு பேரும் மிதவைச் சட்டை போடணும், மொதல்ல நீ போடு. நீ அதைத் தலைக்கு வச்சுப் படுத்துக்கிட்டு "நீ போட்டுக்கம்மா"ன்னா அதுக்கு வேற மாதிரித் தோணும். சங்கத்துல ஒரு வார்த்தை, கடலோரப் போலீசுல ஒரு வார்த்தை, ஆதார் கார்டு ஒரு பாலித்தீன் பையில.

பாய் பாதி போதும். சொல்றது காதுல விழுதா? பாதி. பொங்கலுக்குத் தொண்டியில பாய்மரப் போட்டி விடுறப்ப முழுப் பாயை ஏத்தி, ஆளுக பலகை நுனியில தொங்கிக்கிட்டுப் போறத நீ வீடியோ எடுத்து வச்சிருக்க. அது போட்டி. அதுல யாரும் பொண்டாட்டிய ஏத்திக்கிட்டுப் போறதில்ல. வள்ளம் ஒருபக்கம் சாஞ்சாத்தான் அழகுன்னு ஒனக்குத் தெரியும். சாஞ்சா கவுந்துரும்னு அந்தப் புள்ளைக்குத் தெரியும். கரையில இருக்கறப்பவே, "இம்புட்டுச் சாயும், அதுக்கு மேல பாயப் பிடிக்கிற தாமான் கயித்த எளக்கிவிட்டா நிமிந்துரும்"னு கையில காட்டிச் செஞ்சு காட்டு. ஒருதடவ அதையே எளக்க விடு. கயிறு தங்கையில இருந்தா பயம் பாதி போயிரும்.

இப்ப வாந்திக்கு வாரேன். காதுக்குள்ள கொஞ்சம் தண்ணி இருக்காம், அது வள்ளம் ஆடுறதச் சொல்லுமாம். கண்ணு வள்ளத்துக்குள்ளேயே பாத்துக்கிட்டு இருந்தா, எதுவும் ஆடலன்னு சொல்லுமாம். புருசன் ஒண்ணு சொல்லி மாமியா ஒண்ணு சொன்னா புதுப்பொண்ணுக்கு வருமே, அந்தத் தலைசுத்துதான் இது. மருந்து என்னன்னா கண்ணத் தூரத்துல வைக்கிறது. அதுக்குச் சும்மா "தூரப் பாரு, தூரப் பாரு"ன்னு தொணதொணக்காத. சுக்கானை அது கையில குடு. "அந்தா தெரியிற ஒத்தைப் பனைய நேரா வச்சுக்க"ன்னு சொல்லு. பனையப் பாத்தே ஆகணும்ல. காதும் கண்ணும் ஒரே பேச்சுப் பேச ஆரம்பிச்சிரும். அதுக்கும் மேல கொமட்டுனா காத்து போற பக்கமாத் திரும்பச் சொல்லு. காத்து வர்ற பக்கம் திரும்பி எடுத்தா யாரு மேல வரும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஆனா சுக்கானைக் குடுத்துட்டு நீ பக்கத்துல உக்காந்து "எடது, எடது, அய்யோ வலது"ன்னு கத்தக் கூடாது. கடல்ல நாம கத்திக் கத்திப் பழகிட்டோம், காத்துல காது கேக்காதுல்ல. அந்தப் புள்ள கோயமுத்தூர்ல "ஏனுங்க"ன்னு கேட்டு வளந்தது. நீ "தாமானை எளக்குடி!"ன்னு ஒரு கத்து கத்துனா, அதுக்குக் கயிறு தெரியாது, அந்த "டி" மட்டும் தெரியும். கரை ஏறி நாப்பது வருசத்துக்குத் தெரியும். கையக் காட்டிச் சொல்லு.

ஷாலை இடுப்புல முடிஞ்சுக்கச் சொல்லு, கயித்துல மாட்டும். ஆவுளியா தெரியும், கடல் பசு காட்டுறேன்னு வாக்குக் குடுக்காத. அறுபது வருசத்துல நான் உசுரோட பாத்தது கைவிரல் எண்ணிக்கை. தெரிஞ்சா அது ஒன் அதிர்ஷ்டம், ஏற்பாடு பண்ணுனது நீதான்னு சொல்லிக்க.

திரும்பி வர்றதுதான் சூட்சுமம். பதினோரு மணிக்கு மேல காத்து மாறி கடல்ல இருந்து அடிக்கும். தெங்கிழக்கா வரும், ஊருக்கு வர நல்ல காத்துதான். ஆனா உச்சி வெயிலு, அலை எழும்பித் தெறிக்கும், சட்டையெல்லாம் உப்பு. காலையில தொட்டிலா இருந்த வள்ளம் மதியம் உலக்கையாட்டம் இடிக்கும். காலையில கெடச்ச பேரு பூரா ஒரே மணி நேரத்துல போயிரும். அதனால ஒன் சித்தப்பா மவனை மத்தியானம் காரங்காட்டுக்கு வரச் சொல்லு. அவனும் நீயும் வள்ளத்தக் கொண்டாங்க. அந்தப் புள்ளையும் அப்பத்தாவும் கிழக்குக் கடற்கரைச் சாலையில பஸ்ஸப் புடிச்சு ஜன்னலோரமா வரட்டும். ஆமா, அப்பத்தாவும்தான். அவ போன வாரமே காரங்காட்டுல கணவாய் தின்னணும்னு சொல்லிட்டா, பஸ்ஸுல போறாளாம்.

என்ன, வெக்கமா இருக்கா? ஊர்ல என்ன சொல்லுவாகன்னு பாக்குறியா? ஒன்னும் சொல்ல மாட்டாக. முப்பது வருசம் நான் ஒத்தையில வள்ளம் ஓட்டுனப்பவே ஒன்னும் சொல்லல.

இன்னொண்ணு இருக்கு. சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். போன ஞாயித்துக்கிழமை அந்தப் புள்ள எனக்குப் போன் போட்டுச்சு. "தாத்தா, நீங்க தப்பா நெனைக்கலீன்னா ஒண்ணு கேக்கட்டுங்களா"ன்னு ஆரம்பிச்சுச்சு. கடலு ஆழமான்னு கேக்கும், சுறா வருமான்னு கேக்கும்னு நெனச்சேன். "இவருக்கு நெசமாலுமே பாய் ஓட்டத் தெரியுங்களா? படிக்கப் போனதுல இருந்து பத்து வருசமா சென்னையிலதானே இருக்காரு"ன்னு கேட்டுச்சு.

நான் என்ன சொன்னேனா? சொல்றேன், அவசரப்படாத. அந்தா வள்ளம் நிக்கிது. பாயத் தாங்குற குறுக்குக் கழி பருமலு. அது ஒனக்குத் தெரியும். பருமலை மேல இழுக்குற கயிறு ஆஞ்சான். அதுவும் தெரியும்ல? போயி ஆஞ்சானை மட்டும் தொட்டுக் காட்டு பாப்போம்.

ம்.

அது உங்க அப்பத்தா துணி காயப்போடக் கட்டுனது அப்பு.