பித்தளைத் துணுக்கின் தலைமறைவு: எம்டன் கப்பலை முன்வைத்து ஓர் ஆய்வு

போர்க்கப்பல் கட்டுவோர் இருவகையர்: கப்பல் தளத்தில் கட்டுவோர், சாப்பாட்டு மேசையில் கட்டுவோர். முன்னவரைப் பற்றி நூல்கள் ஏராளம். பின்னவரைப் பற்றி இதுவரை தோன்றியவை பெரும்பாலும் வாய்மொழி இலக்கியமே. அவையும் வீட்டாரால் உரத்த குரலில் இயற்றப்பட்டவை. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு.

ஆய்வுக்கு எம்டனை எடுத்துக்கொண்டோம். என்னை? எனின், சென்னைக்கு அது புதிதல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு இந்த ஜெர்மானியக் கப்பல் கரைக்குச் சுமார் 3,000 கெஜம் வரை நெருங்கி வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போயிற்று. அதை நினைவூட்டும் கல் இன்றும் உயர் நீதிமன்றச் சுவரில் இருக்கிறது. ரெவெல் நிறுவனம் இக்கப்பலை 350-இல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் பாகங்களாகப் பெட்டியில் போட்டு வெளியிட்டது. மூலம் 118 மீட்டர் நீளம். மாதிரி 34 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. அந்த 3,000 கெஜத்தையும் இதே கணக்கில் சுருக்கினால் எட்டு மீட்டர்கூட வராது. ஆகவே மேசைமேல் நிற்கும் எம்டன், எதிர் ஃபிளாட்டின் சமையல் எரிவாயு சிலிண்டரைச் சரியான வரலாற்றுத் தூரத்தில் குறிபார்த்து நிற்கிறது. எதிர் ஃபிளாட்டார் இதை அறியார்.

இங்கே விகிதம் எதை ஆளும், எதை ஆளாது என்பதே கேள்வி. எடையை ஆளும். 3,664 டன் இடப்பெயர்ச்சியை 350-இன் கனத்தால் வகுத்தால் ஏறக்குறைய 85 கிராம். இதில் தகராறு இல்லை. காலத்தை ஆளாது. டான்ஸிக் நகரத்து அரசுக் கப்பல் தளத்தில் 1906 நவம்பரில் அடிக்கட்டை இட்டு, 1909 ஜூலையில் எம்டனைக் கடற்படையில் சேர்த்தார்கள். அந்த இரண்டு வருஷம் எட்டு மாதத்தை 350-ஆல் வகுத்தால் மூன்று நாள்கூட ஆகாது. மேசையிலோ மூன்று நாளில் பெட்டி பிரியும், செய்முறைத்தாள் விரியும், தனியாக ஒரு பித்தளைத் தகடு வாங்கியே தீரவேண்டும் என்ற முடிவு பிறக்கும். டான்ஸிக்கில் ஆள்பலம் இருந்தது என்பர். அதைவிட முக்கியம், அங்கே யாரும் கைப்பிடிக் கம்பியைத் தேடிக் கட்டிலை நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

பெட்டியோடு வரும் பிளாஸ்டிக்கே போதுமே என்பது பூர்வபட்சம். போதாது என்பது சித்தாந்தம். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் ஏணி வந்தால் பலகையாகிவிடும், கம்பிவேலி வந்தால் மதில் சுவராகிவிடும். ஆகவே மெல்லிய பித்தளைத் தகட்டில் ஒளிபட்டால் இறுகும் பூச்சு பூசி, படத்தை வைத்து ஒளி பாய்ச்சி, வேண்டாத இடத்தை ஃபெரிக் குளோரைடு போன்ற ரசாயனத்தால் அரித்தெடுக்கிறார்கள். ஃபோட்டோ எட்ச் எனப்படும் இதை இத்துறையார் பி.இ. என்று செல்லமாகச் சொல்வர். பொறியியல் பட்டம் என்று எண்ணி மகிழும் உறவினரை யாரும் திருத்துவதில்லை. பீரங்கிக் குழல்களைக் கடைசல் பிடித்த பித்தளையில் தனியே வாங்கலாம். எம்டனின் பத்துப் பீரங்கிகளின் வாயகலம் 10.5 செ.மீ.; மாதிரியில் 0.3 மி.மீ. அந்தத் துளை இருப்பது பூதக்கண்ணாடிக்கு மட்டுமே தெரியும். இல்லாதது எல்லோருக்கும் தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் பித்தளை விகிதத்துக்கு அடங்குவதில்லை. 0.1 மி.மீ. தகட்டை 350-ஆல் பெருக்கினால் மூன்றரை செ.மீ. ஐந்து மி.மீ. உயர மாலுமி பற்றி நிற்பது கப்பல் கம்பியல்ல, கல்யாண மண்டபத்து மாடிப்படிக் கைப்பிடி. இதற்குப் பரிகாரம் அரை மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது என்பது ஆன்றோர் முடிபு.

இங்கே எம்டனின் நான்காவது புகைபோக்கியைச் சற்று விரிவாகப் பேசவேண்டும். கப்பலுக்கு உண்மையில் மூன்றே புகைபோக்கிகள். பிரிட்டிஷ் யார்மத் கப்பல்போல் தோன்றுவதற்காக மாலுமிகள் மரச்சட்டமும் கித்தான் துணியும் கொண்டு நான்காவதைச் செய்து நிறுத்தினார்கள். அதாவது எம்டனாரும் நம் துறையைச் சேர்ந்தவரே. அவர் அளவு ஒன்றுக்கு ஒன்று. அந்தக் கோலத்தில் 1914 அக்டோபர் 28 விடியலில் பினாங்கு துறைமுகத்துக்குள் புகுந்து ஷெம்சுக் என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தார்கள். மேசைக் கலைஞன் இப்போது நான்காவது புகைபோக்கியைச் செய்தால், அது போலியின் போலி. அழகாகச் செய்தால் வரலாற்றுப் பிழை. கோணலாகச் செய்தால் கைப்பிழை. கோணல் கித்தானுடையதா, கையுடையதா என்று எப்படி நிறுவுவது? எமது முடிபு: புகைபோக்கி கோணினால் அது ஆராய்ச்சி. பெருமூச்சு விடவேண்டிய இடம் வேறு. கித்தானும் கட்டையும் ஒரு துறைமுகத்தையே ஏமாற்றின. 0.1 மி.மீ. பித்தளையோ சக மாதிரிக்காரர் ஒருவரைக்கூட ஏமாற்றாது. வந்ததும் காப்பியைக்கூடத் தொடாமல் கம்பி வரிசையைத்தான் எண்ணுவார்.

இனித் தலைமறைவு. துணுக்கைத் தகட்டிலிருந்து கத்தியால் அறுத்து, சாமணத்தால் பிடித்து, ஃபெவிக்விக் ஜாதிப் பசையில் தொட்டு வைக்கவேண்டும். இந்தப் பசை காற்றின் ஈரத்தால் இறுகுவது. ஆகையால் சென்னையில் மிகச் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது, முதலில் விரலிடம். சாமணத்தை லேசாகப் பிடித்தால் துணுக்கு விழும். அழுத்திப் பிடித்தால் பறக்கும். இரண்டு மீட்டர் பறந்தால் விகிதப்படி 700 மீட்டர். எம்டனின் ஏணி ஒன்று தன் கப்பலின் நீளத்தைப்போல ஆறு மடங்கு தாண்டிப் போய்விட்டது என்று பொருள். எந்தக் கடற்படை வரலாற்றிலும் இதற்கு முன்னுதாரணம் இல்லை.

மீட்பு பற்றி மூன்று மதங்கள் உண்டு. காந்த மதத்தாருக்கு மோட்சமில்லை. பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது, காந்தத்தை அது சட்டைசெய்யாது. டார்ச் மதத்தார் விளக்கை அணைத்துவிட்டுத் தரையோடு தரையாக ஒளி பாய்ச்சுவர், துணுக்கு மினுங்கும். கூடவே தீபாவளி ஜரிகை, ஊக்கு, ஜாக்கெட் கொக்கி எல்லாம் மினுங்கும். வேக்குவம் கிளீனரின் வாயில் பழைய நைலான் காலுறையைக் கட்டி உறிஞ்சுவது மூன்றாவது மதம். பலன் உண்டு, காலுறை யாருடையது என்ற விசாரணையும் உண்டு. விளக்குமாற்றை எம்மதமும் ஏற்பதில்லை. ஆனால் காலை ஆறு மணிக்கு அது யாருடைய அனுமதியையும் கேட்பதில்லை.

களஆய்வில் தெரிந்தது இதுதான்: தேடும்வரை துணுக்கு அகப்படாது, மாற்றுத் துணுக்கை ஒட்டி முடித்த அன்று யாராவது ஒருவரின் உள்ளங்காலில் அது இருக்கும். ஆகவே கப்பல் கட்டும் வீடுகளுக்குப் போகும் வாசகர்கள் செருப்பை வாசலிலேயே விடுவதோடு, புறப்படும்போது ஒருமுறை காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறோம். மஞ்சளாக ஏதேனும் மின்னினால் தயவுசெய்து தட்டிவிட வேண்டாம். கூப்பிடுங்கள், சாமணத்தோடு வருகிறோம்.